அகப்பைக்கு முன்னால் வரும் அழுகை

துர்சினாவிடம் திட்டு வாங்குவதற்கென்றே ஜாவாவில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஆட்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வேன் பிடித்து வருவார்கள். சிலாசாப்பிலிருந்து, தெகாலிலிருந்து, ஒருமுறை பாண்டுங்கிலிருந்துகூட. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெண்கள் தங்கள் புருஷன்மாரை முன்னால் தள்ளிவிடுவார்கள். "மாக், இவரை நாலு வார்த்தை நல்லாக் கேளுங்க மாக். வீட்டுல ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடறதில்ல."

துர்சினா அந்த மனிதரின் பெயரைக் கேட்பாள். என்ன வேலை என்று கேட்பாள். ஒரு வாய் தேநீர் குடித்துக்கொள்வாள். பிறகு எழுந்து இடுப்பில் கையை வைத்தால் போதும், எல்லாப் போன்களும் மேலே எழும்பும்.

"ஏய்யா, பள்ளிக்கூட வாத்தியாராமே நீ? கரும்பலகைய அழிக்கத் தெரிஞ்ச கைக்குத் தின்ன தட்டைக் கழுவ மட்டும் சுளுக்கிக்கிச்சோ? உன் எச்சித் தட்டுக்குக் காவல் நிக்கவா இந்தப் பொண்ணைப் பெத்துப் போட்டாங்க? மூஞ்சியப் பாரு, தண்ணி வத்தின தேங்கா மாதிரி!"

வாத்தியார் வாயெல்லாம் பல்லாக நிற்பார். குழந்தைகள் கைதட்டும். கட்டிப்பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, வேன் கிளம்பும். அது தெருமுனை திரும்புகிற வரை துர்சினா கையசைப்பாள். பிறகு உள்ளே போய்ப் பாயில் சாய்ந்துவிடுவாள். "கார்சிதி அண்ணே, நாலு குடும்பம் ஆச்சு. நாக்கே வலிக்குது. எனக்கு யாரு மேலயும் கோவமே இல்ல, பாத்துக்கோங்க," என்பாள் என்னிடம்.

எனக்கு அது தெரியும். அவளை எனக்குத் தெரிகிற அளவுக்கு இன்று உயிரோடு இருக்கிற யாருக்கும் தெரியாது. எங்கள் வீடியோ சேனலில் அவள் மாக் செவொத், சிடுசிடுத்த அம்மா. நான் அவள் புருஷன் பாக் மானுத், சொன்னபடி கேட்கிற அப்பா. அவள் கையிலிருக்கும் சிரட்டை அகப்பையால் தலையில் அடி வாங்குவதுதான் என் உத்தியோகம். அதற்கு முன்னால் பஸ் நிலைய வாசலில் வாடகை பைக் ஓட்டிக்கொண்டிருந்தேன். செயலியில் பைக் கூப்பிடுகிற காலம் வந்து என் பிழைப்பைத் தின்றது. அதே போன்தான் பிறகு எனக்குச் சோறும் போட்டது. இதை யாரிடம் போய்ப் புகார் செய்வது?

துர்சினா அப்போது அதே பஸ் நிலையத்தில் தெம்பே என்கிற சோயாக் கட்டியில் பஜ்ஜி போடுகிறவள். மாவில் தோய்த்து அரைவேக்காட்டில் எடுத்து, பச்சை மிளகாயோடு நீட்டுவாள். குரலே வெளியே வராது. கடன் சொல்லிப் போகிறவனைக்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அவள் திட்டியது ஒரே ஒரு ஜீவனை, நிலையத்துப் பூனையை. தெம்பேயைக் கவ்விக்கொண்டு அது ஓடும்போது, மனிதர்கள் மேல் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் அதன் தலையில் கொட்டுவாள். அதன் பரம்பரையையே இழுப்பாள். ஒருநாள் ராகில் அதைப் பார்த்துவிட்டான்.

ராகில் ஜகார்த்தாவில் ஒரு தொலைக்காட்சிக் கம்பெனியில் விளக்குப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்த பையன். பையன் என்கிறேன், இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். அங்கே எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டாலே சிரிப்பார்களாம். நாடகத்தில் எங்கள் பேச்சு வந்தால் அது காவல்காரனாக இருக்கும், இல்லையென்றால் பாத்திரம் கழுவுகிறவளாக இருக்கும். அந்த எரிச்சல் அவனுக்குள் இருந்தது. "நம்ம பேச்சுல நாமளே எடுப்போம் மாமா. அவனுங்க அடியில எழுத்துப் போட்டுப் படிச்சுக்கட்டும்," என்றான். பூனையைத் திட்டிய அந்த வீடியோவை ஊர் உலகமெல்லாம் பார்த்தது. அடியில் எழுத்துப் போட்டுத்தான் ஜகார்த்தாக்காரர்களும் பார்த்தார்கள்.

அந்த முதல் வருஷங்கள் நன்றாகத்தான் இருந்தன. பொய் சொல்லக்கூடாது. ஒரு கதை இருக்கும். கோழி காணாமல் போகும், பக்கத்து வீட்டு மாமரம் எங்கள் பக்கம் சாயும். கடைசியில் மாக் செவொத் உட்கார்ந்து அழுவாள். அந்த அழுகைதான் சேனலின் மூலதனம். முதலில் மூக்கு உறிஞ்சல். அப்புறம் விக்கல் விக்கலாக ஏறும். சின்ன ஆட்டுக்குட்டி போல ஒரு சத்தம் வரும். சட்டென்று நிற்கும். ஒரு கண் மட்டும் திறக்கும். அடுத்த நொடி அகப்பை என் தலையில் இருக்கும். இந்தோனேசியா முழுக்கப் பிள்ளைகள் அந்த அழுகையை அழுது காட்டினார்கள். அமைச்சர்கள் வருகிற விழாவில்கூட ஒருவர் அழுது காட்டியதாக ராகில் சொன்னான்.

பிறகு வீடியோக்கள் குட்டையாகிக்கொண்டே போயின. படுத்திருந்த படம் போனுக்கு ஏற்ப எழுந்து நின்றது. கோழியும் மாமரமும் போயின. மக்கள் கட்டை விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்களாம்.

"முதல் மூணு நொடியிலயே அத்தை அழணும்," என்றான் ராகில்.

"எதுக்குடா அழறேன்?" என்று துர்சினா கேட்டாள்.

"காரணம் பின்னாடி வரும் அத்தே. நீங்க முதல்ல அழுங்க."

வெயிலில் ஒரே அழுகையைத் திரும்பத் திரும்ப அழுவாள். சேவல் கூவியது, இன்னொரு தடவை. லாரி போனது, இன்னொரு தடவை. என் தலை வீங்கியது வேறு விஷயம். அந்த அகப்பை நிஜச் சிரட்டை. பஞ்சு வைத்துச் செய்தால் சத்தம் வராது என்பான் ராகில்.

சந்தையில் அவளால் மீன் வாங்க முடியவில்லை. வேண்டுமென்றே விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு, திட்டு வரும் என்று வாயைப் பார்ப்பார்கள். சொன்ன விலையை அவள் கொடுத்துவிட்டு வந்தால், "மாக் செவொத்துக்குத் தலைக்கனம் வந்துடுச்சு," என்பார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் நர்ஸ் போனை நீட்டினாள். கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கிறவளிடம் அழுது காட்டச் சொன்னால் நான் அந்த நர்ஸைத் திட்டியிருப்பேன். துர்சினா அழுது காட்டினாள்.

அவள் நிஜப் புருஷன் சர்வின் அப்போது கலிமந்தானில் செம்பனைத் தோட்டத்தில் இருந்தான். அங்கே கொட்டகையில் எல்லோரும் எங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, உன் பெண்டாட்டி வேறு ஆளை அடிக்கிறாளே என்று அவனைக் கிண்டல் செய்வார்களாம். லீவில் வந்தபோது என் வீட்டுக்கு வந்து சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை வைத்தான். "என் பங்கு அடியெல்லாம் நீங்க வாங்கிக்கிறீங்க அண்ணே. ரொம்ப நன்றி," என்று சிரித்தான். நல்ல மனிதன். அடுத்த தடவை நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு வந்தான். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான்.

அடக்கத்தின் அன்று வந்த கூட்டத்தில் பாதி, யாரென்றே தெரியாதவர்கள். துர்சினா முக்காட்டை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பார்த்தவர்கள் என்னென்னவோ பேசினார்கள். அப்புறம் ஒருநாள் ஷூட்டிங்குக்கு நடுவில் என்னிடம் சொன்னாள்: "அன்னைக்கு நான் அழலண்ணே. ஆரம்பிச்சா அந்தச் சத்தம்தான் வரும். எனக்கு வேற அழுகை கிடையாது. சின்னப் பிள்ளையிலிருந்து நான் அழற அழுகையே அதுதான். அவரு பாடைக்கு முன்னாடி எவனாவது சிரிச்சிட்டா என்ன செய்வேன்?"

இத்தனை வருஷம் அதை நடிப்பு என்றே நினைத்திருந்தேன். ராகில் "ரெடியா?" என்றான். அவள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள்.

போன வருஷம் அவள் ஒரே மகள் விந்தார்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. செயற்கைக் கண்ணிமை முடி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண். மாப்பிள்ளையும் அங்கேதான், சரக்கு ஏற்றும் பிரிவில். துர்சினா ராகிலைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"கல்யாணத்தைப் படம் எடுத்துக்கோ. சாப்பாட்டை எடு, மேளத்தை எடு, என்னையப் பத்து தடவை திட்டச் சொல்லு, திட்டறேன். சுங்கெம் சடங்கை மட்டும் எடுக்காதே. ஒருத்தரும் எடுக்கக்கூடாது. பொண்ணு வந்து என் முழங்கால்ல தலையை வெச்சு மன்னிப்புக் கேக்கறப்ப நான் அழணும். அவ அப்பனுக்கும் சேத்து அழ வேண்டியது பாக்கி இருக்கு. அப்ப மட்டும் எவனும் சிரிக்கக்கூடாது. எனக்கு இது ஒண்ணு போதும்."

"என் பொறுப்பு அத்தே," என்றான் ராகில். உண்மையாகத்தான் சொன்னான். பந்தல் வாசலில் போன் எடுக்க வேண்டாம் என்று பெரிதாக எழுதியும் மாட்டினான். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று ஆட்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சர்வின் இல்லாததால் அவன் தம்பி தஸ்ரிபின் அப்பா ஸ்தானத்தில். கறாரான ஆள். சேனல் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கும். "எங்கண்ணன் பொண்டாட்டிய ஊரே இன்னொருத்தன் பொண்டாட்டின்னு கூப்பிடுது அண்ணி," என்று ஒருமுறை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னவன். ஆனாலும் காலையில் வந்து, குத்துக்கல்லாய் உட்கார்ந்து, அண்ணன் மகளைக் கைப்பிடித்துக் கொடுத்து நிக்காஹை முடித்துவைத்தான். இனி சுங்கெம்தான். மேடைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள், வெள்ளைத் துணி சுற்றி.

நடத்திவைக்க டவுனிலிருந்து ஆள் பிடித்திருந்தார்கள். கொண்டையும் குத்துவாளுமாக, அரண்மனை ஜாவா மொழியில் பேசுகிறவர். எங்களுக்கே பாதி புரியாது. அவர் பொறுப்பானவர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். சுங்கெம்முக்கு முன்னால், வாசலில் நின்ற ஒருவரிடம் பெண்ணின் பெற்றோர் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு எங்கள் சொந்தப் பெயரே மறந்து போய்விட்டது. கேட்டவருக்குக் கேட்டபடி பதில் கிடைத்தது.

ஒலிபெருக்கியில் அவர் குரல் கம்பீரமாக எழுந்தது: "மணமகளின் பெருமைக்குரிய தந்தையார் பாக் மானுத் அவர்களும், அருமை அன்னையார் மாக் செவொத் அவர்களும் ஆசனத்தில் எழுந்தருளும்படி அடியேன் பணிந்து வேண்டுகிறேன்!"

பந்தலே வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெரிய மனிதர் தன் பேச்சுக்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைத்து இன்னும் ஒருமுறை சொன்னார்.

தஸ்ரிபின் அதற்குள் நாற்காலிக்குப் பாதி தூரம் வந்திருந்தான். அப்படியே நின்றான். காதுவரை சிவந்துவிட்டது. திரும்பிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பந்தலுக்கு வெளியே, தன் பைக்கை நோக்கி நடந்தான்.

நான் தட்டு நிறையத் தேநீர்க் குவளைகளோடு நடுவில் மாட்டிக்கொண்டேன். நல்ல பாத்திக் சட்டை, என் மனைவி ருகாயா காலையில்தான் பெட்டி போட்டுக் கொடுத்தது. "மானுத்! போய் உக்காருங்க மானுத்!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். பின்னாலிருந்து ஒருவன் என்னைத் தள்ளவே செய்தான். காலியான நாற்காலிக்குப் பக்கத்தில் துர்சினா தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். அகப்பையை ஓங்குவதற்கு முன் அவள் பார்க்கிற பார்வை எனக்கு அத்துப்படி. இது அதில்லை.

"அண்ணே, உக்காந்துடாதீங்க," என்றாள், உதடு மட்டும் அசைய.

நான் அசையவில்லை. அவள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

ஐயோ, வந்துவிட்டது என்று நினைத்தேன். விக்கல் ஏறியது. அந்த ஆட்டுக்குட்டிச் சத்தமும் வந்தது. சர்வினுக்காக அடக்கி வைத்திருந்த அழுகை, இத்தனை நாள் கழித்து, அவளுக்குத் தெரிந்த ஒரே விதத்தில் வெளியே வந்தது. பந்தல் குதூகலித்தது. எல்லோரும் எதிர்பார்த்து வந்தது அதுதானே. போன்கள் வரிசையாக எழுந்தன. ராகில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வேணாங்க, எடுக்காதீங்க, நிஜமா அழறாங்க!" என்று அலறினான். அதற்கும் சிரித்தார்கள். நிஜமா அழறாங்க என்பது எங்கள் சேனலில் அவன் பல தடவை சொன்ன வசனம்.

மூச்சு வாங்க அவள் ஒரு கணம் நிறுத்தினாள். அடுத்து என்ன என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். முன்வரிசையில் ஒரு அம்மாள் கையெழுத்து வாங்கவென்று வீட்டிலிருந்து ஒரு சிரட்டை அகப்பை கொண்டுவந்திருந்தாள். அதை ஆசையாக நீட்டினாள். "இந்தாங்க மாக்! போடுங்க ஒண்ணு!"

விந்தார்தி மணக்கோலத்தில் ஓரமாகக் காத்து நின்றாள். துர்சினாவின் கை எழுந்தது. அவள் வாங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. பல் மருத்துவமனையில் அழுது காட்டியவள், இங்கேயும் கேட்டதைக் கொடுத்துவிட்டு மகளின் சடங்கை முடித்துக்கொள்வாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தை என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்.

தேநீர்த் தட்டை என் தலையில் நானே கவிழ்த்துக்கொண்டேன். பாய்ந்து அகப்பையைப் பிடுங்கி, என் மண்டையில் ஓங்கி ஒன்று போட்டேன். "ஐயோ மாக்! வேணாம் மாக்! இனிமே தட்டுக் கழுவறேன் மாக்!" இன்னொன்று போட்டேன். கண்ணில் பூச்சி பறந்தது. அலறிக்கொண்டே நாற்காலிகளைத் தட்டிவிட்டு, என்னை நானே அடித்துக்கொண்டு, பந்தலை விட்டு வெளியே ஓடினேன். கூட்டம் என் பின்னால் எழுந்தது. எனக்கு ஐம்பத்தாறு வயது, முழங்காலில் தேய்மானம். வாழைத்தோப்பு ஓரமாக ஓடினேன், சேற்றில் வேண்டுமென்றே ஒருமுறை விழுந்தேன், வேண்டாமலே இன்னொருமுறை விழுந்தேன்.

தஸ்ரிபின் பைக்கில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தான். நான் போய் அவன் கைப்பிடியின் மேல் விழுந்தேன். முகத்தில் தேநீர் ஒழுகியது.

"தம்பி, போங்க. அந்த நாற்காலி உங்கண்ணனோடது. போய் உக்காருங்க."

"இவங்க எல்லாரும்?"

"இவங்களை நான் பாத்துக்கறேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தான். என் மண்டையில் புடைத்திருந்ததைப் பார்த்தான். இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கூட்டம் வருகிற வழியை விட்டு வேலியோரமாக நடந்தான். நான் அகப்பையை ஓங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன்.

சுங்கெம்மை நான் பார்க்கவில்லை. கிணற்றடியில் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தபோது ருகாயா வந்து சொன்னாள். சமையலுக்கு வந்த பெண்களும் மாப்பிள்ளை வீட்டு ஆட்களும் மட்டும்தான் பந்தலில் இருந்தார்களாம். பெண் முதலில் சித்தப்பாவின் முழங்காலில் தலை வைத்தாளாம், பிறகு அம்மாவிடம்.

"அழுதாளா?"

"அழுதா. நல்லா, வயிறு நிறைய அழுதா. ஒருத்தரும் சிரிக்கல." ருகாயா என் மண்டையைத் தடவினாள். "இவ்வளவு பலமாவா அடிச்சுக்குவாங்க? கூறு கெட்ட மனுஷா."

"மெதுவா அடிச்சா சத்தம் வராதுடி."

மறுநாள் சாயங்காலம் நான் துர்சினா வீட்டில் இருந்தபோது ராகில் போனோடு வந்தான். வாழைத்தோப்பில் நான் ஓடியதை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் சேனலில் சமீபத்தில் எதையும் அத்தனை பேர் பார்க்கவில்லை. "முதல் மூணு நொடியிலயே விழுறீங்க மாமா," என்றான் பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு காட்டறேன், அத்தே. கோவிச்சுக்காதீங்க."

படத்தின் மேல்மூலையில், என் அகப்பைக்கு மேலே, தூரத்தில் பந்தலின் திறந்த பக்கம் தெரிந்தது. விரல்நக அளவு. இரண்டு வெள்ளை நாற்காலிகள். ஒன்றில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆண். மற்றொன்றில் குனிந்திருக்கும் ஒரு பெண், அவள் மடியில் இன்னொரு தலை. துர்சினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தாள். படம் முடிந்து திரும்ப ஓடியது. நான் திரும்ப விழுந்தேன்.

"கீழ ஜனங்க எழுதியிருக்காங்களே, இதைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் படிச்சேன் அத்தே. ஒருத்தர்கூட அந்த மூலையப் பாக்கல."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அது போதும்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நேத்து அவரு பங்கு அடியையும் நீங்களே வாங்கிக்கிட்டீங்க. நாளைக்கு ஷூட்டிங்ல மெதுவாத்தான் அடிப்பேன். ராகில் என்ன வேணா சொல்லிக்கட்டும்."